மூன்றரை விநாடி மௌனம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. கிண்டியில் ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க் அறை. வெளியே புழுக்கம், உள்ளே ஏசி குளிரில் விரல் விறைத்தது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அங்கே பொறியாளர். “புதுசா ஒண்ணு செட் பண்ணியிருக்கேன் சார், டெஸ்ட் பண்றப்போ வந்து பாருங்க” என்று கூப்பிட்டிருந்தார். ஆள் உயர இரும்பு ரேக். அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரௌட்டர்கள், இட்லித் தட்டுகளைப் போல ஒரே அச்சு. பக்கத்தில் ஒரு மடிக்கணினி. அதன் கறுப்புத் திரையில் விநாடிக்கு ஒரு வரி விழுந்துகொண்டிருந்தது: 9, 10, 11…

“இதுக்குப் பேரு பிங் சார். வெளியில இருக்கற ஒரு சர்வர்கிட்ட செகண்டுக்கு ஒரு தடவை ‘இருக்கியா’ன்னு கேக்கும். ‘இருக்கேன்’னு பதில் வந்தா ஒரு வரி விழும்.”

இன்னொரு கணினியில் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்று யூடியூபில் ஓடிக்கொண்டிருந்தது. “பிடுங்கிடவா சார்?” என்றார். நான் யோசிப்பதற்குள் மேலே இருந்த ரௌட்டரின் பவர் கேபிளை உருவிவிட்டார். விசிறிச் சத்தம் இறங்கி அடங்கியது. பச்சை விளக்குகள் அணைந்தன. திரையில் 14ஆவது வரியோடு ஓட்டம் நின்றுபோனது. மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த வரி விழுந்தது: 18. பிறகு 19, 20 என்று பழையபடி ஓடத் தொடங்கியது. கிரிக்கெட் ஆட்டமோ ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. முன்கூட்டியே இறக்கி வைத்திருந்த காட்சிகளை வைத்து அந்த இடைவெளியைச் சமாளித்துவிட்டது.

“அவ்ளோதான் சார்” என்றார், கையைத் துடைத்துக்கொண்டு.

அவ்வளவுதானா? 15, 16, 17 ஆகிய மூன்று வரிகள் காணாமல் போன அந்த நேரத்தில் உயிரோடிருந்த பெட்டி என்ன செய்தது, எப்படித் தெரிந்துகொண்டது என்று விசாரித்துக்கொண்டே போனால், கணினி அறிவியலின் மிகப் பழைய கேள்வி ஒன்றின் முன்னால் போய் நிற்போம். எதிரில் இருப்பவர் பேசவில்லை. செத்துவிட்டாரா, சும்மா இருக்கிறாரா?

ஒற்றை வாசல்

ஒரு கணினியின் பார்வையில் உலகம் இரண்டே துண்டு: தன் தெரு, மற்றதெல்லாம். ஒரே அலுவலகத்தில், ஒரே பிணையத்தில் இருக்கும் பிரின்டருக்கோ பக்கத்து மேசைக் கணினிக்கோ அனுப்ப வேண்டிய தகவலை அது நேராகக் கொடுத்துவிடும். தெருவைத் தாண்டிய எதுவும், அது தாம்பரமோ டோக்கியோவோ, அதற்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே முகவரியில் கொண்டுபோய்ப் போடும். அந்த முகவரிக்கு ‘டிஃபால்ட் கேட்வே’ என்று பெயர். தெருமுனை வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாசலில் நிற்பதுதான் ரௌட்டர். பெரும்பாலான அலுவலகங்களில் கணினியின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரே ஓர் எண்தான் இருக்கும்: 192.168.10.1 என்பதுபோல.

சிக்கல் இங்கேதான். வாசலில் நிற்கும் ரௌட்டர் செத்துப்போனால் கணினிக்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தரவுப் பொட்டலங்களைக் கட்டிக் கட்டி இல்லாத வாசலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பதில் வராததற்குக் காரணம் வாசலா, வழியா, போய்ச் சேர வேண்டிய சர்வரா என்று பிரித்துப் பார்க்கும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. வங்கியிலும் ரேஷன் கடையிலும் நாம் கேட்டுப் பழகிய “சர்வர் டவுன் சார்” என்ற வாக்கியத்தில், பல நேரம் பாவம் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போகும் வாசல்தான் மூடியிருக்கும்.

“அப்படியானால் இன்னொரு ரௌட்டர் வாங்கி வைத்தால் தீர்ந்தது” என்று தோன்றும். தீராது. இரண்டாவது ரௌட்டருக்கு 192.168.10.3 என்று ஒரு முகவரி கொடுத்து வைத்தால், அந்த முகவரி எந்தக் கணினிக்கும் தெரியாது. முதல் வாசல் இடிந்து விழுந்தாலும் இரண்டாவது வாசலை யாரும் தட்டமாட்டார்கள். முந்நூறு கணினிகளில் ஒவ்வொன்றாக எண்ணை மாற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் முதல் ரௌட்டரே பழுது நீங்கி வந்துவிடும்.

நாற்காலிக்கு ஒரு முகவரி

தீர்வு நம் ஊர் மனு எழுதும் முறையில் இருக்கிறது. பட்டா மாறுதலுக்கு மனு எழுதுகிறவர் ‘பெறுநர்’ என்று போட்டு, கீழே வட்டாட்சியரின் பெயரையா எழுதுகிறார்? ‘உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்’ என்று பதவியைத்தான் எழுதுகிறார். போன மாதம் இருந்தவர் மாற்றலாகிப் போயிருக்கலாம். இன்று வேறொருவர் ‘பொறுப்பு’ பார்க்கலாம். மனு எப்படியும் அந்த நாற்காலிக்குத்தான் போய்ச் சேரும்.

ரௌட்டர்களுக்கும் அதையே செய்தார்கள். 192.168.10.1 என்ற எண்ணை எந்தப் பெட்டிக்கும் சொந்தமாக்காமல் நாற்காலிக்குக் கொடுத்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கும் சொந்தமாக 10.2, 10.3 என்று முடியும் முகவரிகள் தனியாக உண்டு. ஆனால் வெளியே தெரிவது நாற்காலியின் எண் மட்டுமே. யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் அந்த எண்ணுக்கு வரும் வேலையைப் பார்ப்பார். இப்படி இல்லாத ஒரு ரௌட்டரை இருப்பதுபோல் காட்டும் ஒழுங்குமுறைக்கு விஆர்ஆர்பி என்று பெயர். மெய்நிகர் ரௌட்டர் மாற்றேற்பாட்டு நெறிமுறை என்று நீட்டிச் சொல்லலாம். களத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

எண்ணை மட்டும் கைமாற்றினால் போதாது. ஒரே தெருவுக்குள் பொட்டலத்தைச் சேர்ப்பது ஐபி முகவரி அல்ல, மேக் முகவரி. ஒவ்வொரு பிணைய அட்டையிலும் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பும் 48 பிட் எண் அது. முதல் பாதி, அட்டையைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். கணினி முதலில் தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும்: “192.168.10.1 யாருப்பா?” உரியவர் தன் மேக் எண்ணைச் சொல்வார். கணினி அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பொட்டலங்களையெல்லாம் அந்த எண்ணுக்கே தள்ளும். ஏஆர்பி எனப்படும் இந்தக் கேள்வி-பதில் முறையை டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதி வைத்தார். இன்றும் உங்கள் வீட்டு வைஃபையில் நடப்பது அதுதான்.

இதில் ஒரு சிக்கல்: கணினி குறித்து வைத்திருப்பது செத்த ரௌட்டரின் மேக் எண். புதியவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும், பழைய குறிப்பை நம்பிக்கொண்டிருக்கும் கணினிகள் பிணத்திடமே மனு நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நாற்காலிக்கு மேக் எண்ணும் தனியாக ஒன்று வேண்டியதாயிற்று. விஆர்ஆர்பி தரும் மேக் எண்ணின் முதல் பாதி எந்த உற்பத்தியாளருக்கும் உரியதல்ல. இணையத்தின் எண்களை ஒதுக்கித் தரும் ஐயானா அமைப்பின் பெயரில் இருப்பது. உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் அந்த எண்ணைப் பதித்து ஓர் அட்டை செய்து அனுப்புவதில்லை. நாற்காலியில் இருக்கும்வரை பெட்டி அந்த எண்ணைச் சூடிக்கொள்ளும். எழுந்ததும் கழற்றி வைத்துவிடும். கணினிகளின் குறிப்பேட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இதயத்துடிப்பு

இனி முக்கியமான கேள்வி. நாற்காலியில் இருப்பவர் செத்துவிட்டார் என்று காத்திருப்பவருக்கு யார் போய்ச் சொல்வது? செத்தவரால் சொல்ல முடியாது. ஆகவே ஏற்பாட்டைத் தலைகீழாக வைத்தார்கள். உயிரோடு இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவர் விநாடிக்கு ஒருமுறை “நான் இருக்கிறேன்” என்று ஒரு சிறு பொட்டலம் அனுப்புவார். அது போவது 224.0.0.18 என்ற பொது முகவரிக்கு; விஆர்ஆர்பி பேசுகிறவர்கள் மட்டும் காது கொடுக்கும் முகவரி அது. அந்தப் பொட்டலத்தின் மேலுறையில் நெறிமுறை எண் என்று 112 எழுதியிருக்கும். நம் நாட்டின் அவசர உதவி எண்ணும் அதுவே என்பது தற்செயல்தான்.

தொலைவில் இருக்கும் விஷமி ஒருவன் “நான்தான் இப்போது நாற்காலியில் இருக்கிறேன்” என்று பொய்ப் பொட்டலம் அனுப்பினால்? இதற்கு வைத்திருக்கும் தடுப்பு எளிமையானது, அழகானது. இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒரு ரௌட்டரைக் கடக்கும்தோறும் அதில் ஒன்று குறையும். அந்த எண்ணின் உச்சவரம்பு 255. துடிப்புப் பொட்டலம் 255 என்ற ஆயுளோடுதான் புறப்பட வேண்டும். வந்து சேரும்போதும் சரியாக 255 இருந்தால்தான் ஏற்பார்கள். வெளித்தெருவிலிருந்து வந்ததென்றால் ஒரு ரௌட்டரையாவது கடந்திருக்கும், 254 ஆகியிருக்கும். அதற்குமேல் எண்ணை ஏற்றிவைக்க இடமே இல்லாததால், தூரத்திலிருந்து ஏமாற்ற வழியில்லை. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. வெறும் கழித்தல் கணக்கு. தெருவுக்குள்ளேயே விஷமி இருந்தால் இது உதவாது என்பது வேறு விஷயம்.

துடிப்பு ஒன்று வரவில்லை என்றால் உடனே மரணம் என்று முடிவு கட்டலாமா? பொட்டலங்கள் வழியில் தொலைவது சாதாரணம். ஒரு துடிப்பு தவறினதற்கெல்லாம் பாடை கட்டினால் தெரு சிரிக்கும். ஆகவே மூன்று துடிப்பு நேரம் பொறுத்திருப்பார்கள். மூன்று விநாடி. அதற்கு மேல் இன்னும் ஒரு சிறு துண்டு நேரம். அந்தச் சிறு துண்டில்தான் எனக்கு மிகப் பிடித்த நுட்பம் ஒளிந்திருக்கிறது.

ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னுரிமை எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். எண் பெரிதானால் உரிமை பெரிது. வழக்கமான எண் 100. கூடுதலாகக் காத்திருக்க வேண்டிய துண்டு நேரத்தைக் கணக்கிட, 256இலிருந்து இந்த எண்ணைக் கழித்து 256ஆல் வகுக்க வேண்டும். 100 என்ற பெட்டிக்கு 156 வகுத்தல் 256, அதாவது 0.609 விநாடி. ஆக, கடைசித் துடிப்பைக் கேட்டதிலிருந்து 3.609 விநாடி மௌனம் நீடித்தால் அது எழுந்துகொள்ளும். கிண்டி அறையில் நான் எண்ணிய மூன்று வரிகளின் கணக்கு இதுதான்.

இப்போது காத்திருப்பவர் ஒருவர் அல்ல, இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எண் 200, மற்றவர் 100. இருவருக்கும் ஒரே மௌனம்தான் கேட்கிறது. 200 எண்காரருக்குத் துண்டு நேரம் 0.219 விநாடிதான், அவர் 3.219இல் எழுந்து “இனி நான்” என்று துடிப்பு அனுப்பிவிடுவார். 3.609 வரை பொறுக்க வேண்டிய மற்றவர் அந்தக் குரலைக் கேட்டுத் தன் காத்திருப்பைத் தொடர்வார். தேர்தல் முடிந்தது. வாக்குச்சீட்டு இல்லை, பேச்சுவார்த்தை இல்லை, ஒருவரை ஒருவர் கேட்கக்கூட இல்லை. உரிமை கூடியவருக்குப் பொறுமை குறைவு என்ற ஒரே விதியில் வாரிசு தீர்மானமாகிவிட்டது.

எழுந்தவர் தன் முதல் துடிப்போடு, யாரும் கேட்காமலேயே ஓர் அறிவிப்பும் செய்வார்: “192.168.10.1 நான்தான், என் மேக் எண் இன்னது.” கணினிகளின் குறிப்பில் ஏற்கெனவே அதே எண்தானே இருக்கிறது, பிறகு இது யாருக்கு? நடுவில் எல்லாவற்றையும் இணைத்து நிற்கும் ஸ்விட்ச்சுக்கு. எந்த மேக் எண் தன்னுடைய எந்தத் துளையிலிருந்து பேசுகிறது என்று ஸ்விட்ச் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கும். இதுவரை ஏழாம் துளையில் கேட்ட எண் இப்போது எட்டாம் துளையிலிருந்து குரல் கொடுத்ததும், “ஓ, ஜாகை மாறிவிட்டாரா” என்று திருத்திக்கொள்ளும். முந்நூறு கணினிகளில் செய்ய வேண்டியிருந்த மாற்றம், ஸ்விட்ச்சின் நினைவில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

சொல்லிவிட்டுப் போகிறவருக்குச் சலுகையும் உண்டு. பராமரிப்புக்காக ரௌட்டரை முறையாக நிறுத்தினால், அது முன்னுரிமை எண் பூஜ்யம் என்று எழுதிய கடைசித் துடிப்பு ஒன்றை அனுப்பும். அதைக் கேட்டவர் மூன்று விநாடி காத்திருக்க மாட்டார். துண்டு நேரமான 0.609 விநாடியிலேயே பொறுப்பேற்பார். மீதி மூன்று விநாடியும், சொல்லாமல் போனதால் மற்றவர் சந்தேகத்தில் கழிக்கும் நேரம்.

நாற்காலிச் சண்டைகள்

இந்த விதிகளை எழுதியவர்களுக்குள்ளும் நாற்காலிச் சண்டை நடந்தது. சிஸ்கோ நிறுவனம் இதே நோக்கத்துக்கு எச்எஸ்ஆர்பி என்ற சொந்த முறையை முன்பே உருவாக்கி, 1995இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றிருந்தது. அதில் துடிப்பு மூன்று விநாடிக்கு ஒருமுறை. மௌனத்தைப் பத்து விநாடி பொறுக்கும். அதன் விவரம் 1998 மார்ச்சில் பொது ஆவணமாக வெளிவந்தது. அடுத்த மாதமே எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நெறியாக விஆர்ஆர்பி வெளிவந்தது. இதுவும் எங்கள் காப்புரிமைக்குள் வருகிறது என்றது சிஸ்கோ.

இலவச இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியை எழுதுகிறவர்களுக்கு இது பொறுக்கவில்லை. கார்ப் என்று தங்கள் சொந்த முறையை எழுதி, 2004 மே மாதம் வெளியிட்ட 3.5 பதிப்பில் சேர்த்தார்கள். முறையாக எண் ஒதுக்கக் கேட்டும் கிடைக்காததால், விஆர்ஆர்பியின் 112 என்ற எண்ணையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இந்தச் சண்டையைக் கிண்டல் செய்து ஒரு பாட்டும் பதிவு செய்து அந்தப் பதிப்போடு வெளியிட்டார்கள். இரண்டு முறைகளும் ஒரே தெருவில், நாற்காலியை அடையாளம் காட்டும் ஒரே குழு எண்ணோடு ஓடினால், இரண்டும் அதே மேக் எண்ணைச் சூடிக்கொண்டு மோதும். அந்தச் சண்டையின் தழும்பை இன்றும் பொறியாளர்கள் தடவிப் பார்க்கிறார்கள். விஆர்ஆர்பியின் புதிய திருத்தம் 2024 ஏப்ரலில் வந்தது. நாற்காலியில் இருப்பவரை ‘மாஸ்டர்’ என்று அழைத்து வந்ததை அது ‘ஆக்டிவ்’ என்று மாற்றியது.

களத்தில் நடக்கும் சண்டை வேறு மாதிரி. பழுது நீங்கித் திரும்பும் பெரிய எண்காரர் வந்தவுடன் நாற்காலியைக் கேட்பார். விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால் ரௌட்டர் கண் விழித்துவிட்டதாலேயே ஊர் நிலவரம் தெரிந்துவிடாது. எந்த ஊருக்கு எந்த வழி என்று அண்டை ரௌட்டர்களிடம் கேட்டு அறிய அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டால், வரும் மனுக்களையெல்லாம் வாங்கிக் குப்பையில் போடும் அதிகாரியாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் “திரும்பி வந்தால் ஒரு நிமிடம் வெளியே நில்” என்று ஒரு தாமதத்தைச் சேர்த்து வைப்பார்கள். சிலர் “இருக்கிறவரே இருக்கட்டும்” என்று திரும்பக் கேட்கும் உரிமையையே எடுத்துவிடுவார்கள்.

இன்னொரு வகை உண்டு. ரௌட்டருக்கு உயிர் இருக்கிறது. ஆனால் வெளியே போகும் லைன் அறுந்துவிட்டது. சாலையில் யாரோ பள்ளம் தோண்டியிருப்பார்கள். உள்ளே விநாடி தவறாமல் “இருக்கிறேன், இருக்கிறேன்” என்று துடிப்பு வந்துகொண்டிருக்கும். இருப்பது உண்மை, உபயோகமில்லை. அதற்காக ரௌட்டரே தன் வெளிவாசலைக் கவனித்து, அது மூடினால் தன் எண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும்படி எழுதி வைப்பார்கள். 110 என்ற எண்ணில் 20 குறைந்தால் 90. காத்திருக்கும் 100 எண்காரர் இப்போது மூத்தவர், நாற்காலி கைமாறிவிடும். தன்னால் முடியாதென்று தானே சொல்லி இறங்கும் பண்பைக் கழித்தல் கணக்காக எழுதியிருக்கிறார்கள்.

நாற்காலி மாறினாலும் மேசை மேல் இருந்த கோப்புகள் மாறுவதில்லை. உள்ளே இருக்கும் முந்நூறு கணினிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியில் தெரியும்படி ரௌட்டர் ஒரு பேரேடு வைத்திருக்கும்: எந்தப் பதில் எந்தக் கணினிக்கு என்ற பேரேடு. பவர் போனதும் அதுவும் போய்விடும். புதியவருக்கு முந்தைய பேச்சு எதுவும் தெரியாது. பாதி இறங்கிய கோப்பு அறுந்துபோவதும், வங்கிப் பக்கம் மறுபடி உள்நுழையச் சொல்வதும் இதனால்தான். அதைத் தவிர்க்க, உயிரோடு இருக்கும்போதே இரண்டு பெட்டிகளும் பேரேட்டை ஒன்றுக்கொன்று படி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். துடிப்புக்கு ஆகும் செலவைவிட இதற்குத்தான் செலவு அதிகம்.

இரண்டு தலை

எல்லாவற்றிலும் மோசமான நிலையில் யாருமே சாவதில்லை. இரண்டு ரௌட்டர்களும் நலம். இரண்டுக்கும் நடுவே துடிப்பு போகும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. பாதுகாப்புக்காக ஃபயர்வாலை இறுக்கிய ஒருவர், 112 என்ற எண்ணை என்னவென்று தெரியாமல் தடுத்திருந்தால் போதும். காத்திருப்பவருக்கு மௌனம் கேட்கிறது. 3.609 விநாடி கழித்து எழுகிறார். ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இவரும் உட்காருகிறார். இரண்டு பெட்டிகளும் ஒரே ஐபி, ஒரே மேக் எண்ணோடு பேசத் தொடங்குகின்றன. ஸ்விட்ச்சுக்குத் தலை சுற்றுகிறது: ஏழாம் துளையா, எட்டாம் துளையா? பொட்டலங்கள் இங்கும் அங்குமாகச் சிதறுகின்றன. ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்டால் சிறிய எண்காரர் உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஆனால் கேட்காததுதானே பிரச்சினை.

செத்தவரின் மௌனத்துக்கும் கம்பி அறுந்தவரின் மௌனத்துக்கும் வித்தியாசம் என்ன? இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. இது பொறியாளர்களின் சோம்பலால் தீராமல் கிடக்கும் பிரச்சினை அல்ல. 1985இல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் கணிதமாகவே நிறுவினார்கள்: செய்தி போய்ச் சேர இவ்வளவு நேரம்தான் ஆகும் என்ற உத்தரவாதம் இல்லாத பிணையத்தில், ஒரே ஒரு கணினி நின்றுபோகும் சாத்தியம் இருந்தாலும் போதும், மற்றவை கட்டாயம் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று எந்த நிச்சயமான வழிமுறையாலும் உறுதி தர முடியாது. தாமதமாகப் பேசுகிறவரையும் இனிப் பேசவே மாட்டாதவரையும் பிரித்தறிய முடியாததுதான் அதன் வேர்.

அப்படியானால் மூன்றரை விநாடி என்பது என்ன? அது ஒரு துணிச்சல். உண்மையை அறிய வழியில்லாதபோது, இவ்வளவு நேரத்துக்குமேல் பொறுப்பதில்லை என்று மனிதர் போட்ட கோடு. அந்தக் கோட்டை முன்னே இழுக்கலாம். பிஎஃப்டி என்ற துணை நெறிமுறையை வைத்து, ஐம்பது மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு, மூன்று தவறினால் மரணம் என்று அமைத்தால் 150 மில்லி விநாடியில் முடிவு தெரிந்துவிடும். போனில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஓர் எழுத்து விழுங்கியதுபோல் தோன்றும், அவ்வளவுதான். ஆனால் அவசரத்துக்கு விலை உண்டு. ரௌட்டர் வேறு வேலையில் கால் விநாடி மூழ்கினாலும் அதைச் செத்ததாக எழுதிவிடுவார்கள். உயிருள்ளவருக்குக் கருமாதி, அவர் திரும்பிப் பார்த்ததும் நாற்காலிச் சண்டை, மறுபடி கருமாதி. சீக்கிரம் தெரிந்துகொள்வதும் சரியாகத் தெரிந்துகொள்வதும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் நல்லவர்களானால்

2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். நம் ஊரில் எத்தனையோ பேர் போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழுது அவர்கள் போனில் இல்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, வாட்ஸ்அப்பை நடத்திய ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை உலகெங்கும் இணைக்கும் முதுகெலும்புப் பிணையத்தை மொத்தமாக அறுத்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே பிழை இருந்தது.

அடுத்து நடந்ததுதான் நம் கதைக்கு நெருக்கமானது. அந்த நிறுவனத்தின் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் சர்வர்கள் பல ஊர்களில், ஒன்று போனால் இன்னொன்று என்ற ஏற்பாட்டோடு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல விதி: “தரவு மையத்தை உன்னால் எட்ட முடியவில்லையென்றால் உன்னிடம்தான் கோளாறு, இங்கே வராதீர்கள் என்று உலகுக்குச் சொல்லி விலகிக்கொள்.” நம் ரௌட்டர் 20 எண் குறைத்துக்கொண்டதே, அதே பண்பு. அன்று முதுகெலும்பே போனதால் எந்தச் சர்வராலும் தரவு மையத்தை எட்ட முடியவில்லை. ஒவ்வொன்றும் தன்மீதே சந்தேகப்பட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் விலகிக்கொண்டன. சர்வர்கள் நலமாக இருந்தும், இணையத்தில் அவற்றுக்கு வழியே இல்லாமல் போயிற்று. உள்ளே இருந்த பழுதுபார்க்கும் கருவிகளும் அதே பிணையத்தை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

இரண்டு இருந்தால் பயமில்லை என்ற கணக்கு, இரண்டும் தனித்தனிக் காரணத்தால்தான் சாகும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே ஒரே நாளில் இரண்டு கடலடிக் கேபிள்கள் பழுதாகி, மேற்கு நோக்கிப் போகும் இந்திய இணையப் போக்குவரத்தில் பெரும் பகுதி தடுமாறியது. பெயரளவில் வேறு வேறு கேபிள்கள். போகும் கடல்வழி ஒன்று. இதன் சிறு வடிவங்களை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். இரண்டு ரௌட்டர், இரண்டு கம்பெனி லைன், எல்லாம் வாங்கியிருப்பார்கள். இரண்டு பிளக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருக்கும். இரண்டு லைனும் வாசலில் ஒரே குழாய்க்குள் நுழைந்து வரும்.

கிண்டியில் அந்த இளைஞரிடம் இதைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ரேக்கின் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். மேல் ரௌட்டரின் கேபிள் ஒரு யுபிஎஸ்ஸுக்கும், கீழ் ரௌட்டரின் கேபிள் சுவரின் மறுகோடியில் இருந்த இன்னொரு யுபிஎஸ்ஸுக்கும் போயின.

“மாசத்துக்கு ஒரு தடவை புடுங்கிப் பாக்கணும் சார். செட் பண்ணிட்டு அப்படியே விட்டா, நிஜமா போற அன்னிக்குத்தான் அது வேலை செய்யலன்னு தெரியும்.” நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதையே ஒரு கொள்கையாக்கி, வேலை நேரத்தில் தன் சர்வர்களில் ஒன்றைக் கண்டபடி கொல்லும் ‘கேயாஸ் மங்கி’ என்ற நிரலை எழுதி, 2012இல் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. இவரிடம் குரங்கு இல்லை, கை இருக்கிறது.

பவர் கேபிளை மறுபடி செருகினார். விசிறி எழுந்தது. ஒரு நிமிடம் வெளியே நின்றுவிட்டு, மேல் ரௌட்டர் தன் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பிங் வரிகள் 300ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. இம்முறை ஒரு வரியும் குறையவில்லை. கீழ் ரௌட்டர் பழையபடி காத்திருக்கத் தொடங்கியது. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. 3.609இலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்கும். ஒரு விநாடியில் துடிப்பு வந்துவிடும். எண்ணியதை அழித்துவிட்டு மறுபடி 3.609. திங்கள் காலை முந்நூறு பேர் வந்து கணினியைத் திறக்கும்போதும், மதியம் அவர்கள் சாப்பிடப் போகும்போதும், ராத்திரி காவலாளி மட்டும் இருக்கும்போதும் அது எண்ணி அழித்துக்கொண்டேதான் இருக்கும், ஒரு நாளைக்கு 86,400 தடவை.